சித்தப்பா சுவரில் ஏற்றிய கொடி

எங்கள் சித்தப்பாவிடம் முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களுக்கு நல்ல தலையும் கொஞ்சம் மட்டமான மூக்கும் இருக்க வேண்டும் என்று சித்தி சொல்வாள். சலூன் இருக்கும் இடம் அப்படி. பஸ் டிப்போவின் பின்பக்கச் சுவருக்கு நேர் எதிரே, ஒரு வேன் வந்தால் மனிதர்கள் பக்கவாட்டில் நிற்க வேண்டிய சந்து. டிப்போவில் இறங்குகிற பயணிகளில் பாதிப் பேர் வெளியே வந்ததும் தேடுவது வீட்டுக்குப் போகும் வழியை அல்ல, அந்தச் சுவரைத்தான். டிப்போவுக்குள் கழிப்பறை இருக்கிறது. அதற்கு ஒரு நல்ல பூட்டும் இருக்கிறது.

சித்தப்பா அந்தச் சுவருக்கு உள்ளே வேலை பார்த்திருக்க வேண்டியவர். தாத்தா டிப்போவில் வாட்ச்மேனாக இருந்தவர். காலையில் கம்பத்தில் கொடி ஏற்றுவதும் மாலையில் இறக்குவதும் அவர் பொறுப்பு. மகன்கள் இரண்டு பேரையும் டிப்போவுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பெரியவரான என் அப்பா லாரி ஓட்டப் போய்விட்டார். சின்னவரைப் பிடித்து பஸ் கழுவும் வேலையில் சேர்த்தார் தாத்தா. சித்தப்பாவுக்கு டீசல் வாசனை பட்டாலே குமட்டும். அவர் ஒரு பஸ்ஸைக் கழுவி முடிப்பதற்குள் இன்னொரு முறை கழுவ வேண்டியிருக்கும். டிப்போக்காரர்களே கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார்கள். சந்தைக் கடந்து எதிரே இருந்த சலூனில் போய் உட்கார்ந்தார். அங்கே தலைமுடியைப் பெருக்க ஆரம்பித்து, கத்தரி பிடித்து, கடைசியில் பழைய முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டபோது அந்த ஒற்றை நாற்காலியையும் வாங்கிக்கொண்டார்.

தாத்தாவுக்கு அதில் ரொம்ப நாள் வருத்தம். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே தோளில் துண்டோடு, சலூனுக்கு மேலேயே இருக்கும் எங்கள் வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் முதல் ஷேவிங் அவருக்குத்தான்.

வீட்டில் அப்பாவும் மகனும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசினால் சண்டை. சலூனில் மட்டும் பேச்சு நடக்கும், அதற்கு ஒரு காரணம் இருந்தது. கழுத்தில் கத்தி இருக்கும்போது தாத்தாவால் பதில் பேச முடியாது. சித்தப்பா சொல்ல வேண்டியதையெல்லாம் அப்போது சொல்லிவிடுவார். சோப்பைத் துடைத்துத் தண்ணீர் தெளித்ததும் தாத்தாவின் முறை. எங்கள் வீட்டில் முக்கியமான விஷயங்களெல்லாம் இப்படித்தான் முடிவாகும். நான் கல்லூரியில் சேர்ந்ததுகூட அங்கே முடிவானதுதான். "பொண்ணு படிக்கட்டும்ப்பா, நம்ம வீட்டுல யாராவது ஒருத்தர் படிச்சுத் தொலைக்கட்டும்" என்று சித்தப்பா வலது கன்னத்தில் ஆரம்பித்து இடது கன்னத்தில் முடித்தாராம். தாத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தொலைக்கட்டும்" என்றாராம்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். நாற்றம் தாங்காமல் வாடிக்கையாளர்கள் குறைய ஆரம்பித்தார்கள். ஒருவர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்க மறுத்ததால் மீசையைத் திருத்தாமலே போனார். சித்தப்பா பினாயில் ஊற்றிப் பார்த்தார். 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்கள்' என்று அட்டை மாட்டினார். ஆட்கள் அதை நின்று நிதானமாகப் படித்துக்கொண்டே காரியத்தை முடித்தார்கள்.

"மனுஷன் எதுக்கு முன்னாடி ஜிப்பைத் திறக்க மாட்டான்?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார் சித்தப்பா.

"பொண்டாட்டிக்கு முன்னாடி நீங்க வாயையே திறக்க மாட்டீங்க. என் படத்தை வரைஞ்சு வைங்க" என்றாள் சித்தி.

சித்தப்பா சிரிக்கவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். "கொடி!" என்றார். "தேசியக் கொடி. எவன் அதுமேல போவான்?"

அவருக்கும் கொடிக்கும் இருந்த உறவைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வெயிலில் அணிவகுத்து நின்று மயங்கி விழுந்திருக்கிறார். அதற்கப்புறம் கொடி அவருக்கு உபயோகமான ஒரு பொருள். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார். போலீஸ்காரர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் நிறுத்துவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அது பொய்த்ததே இல்லை என்பார். லைசென்ஸ் அவருக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு.

போர்டு எழுதும் பெயிண்டரைக் கூப்பிட்டு, சுவரில் ஆள் இடுப்பு உயரத்துக்குக் கொடி வரையச் சொன்னார். பெயிண்டர் நல்ல கைக்காரர். காற்றில் அசைகிற மாதிரியே மடிப்பெல்லாம் வைத்து வரைந்துவிட்டார்.

வேலை செய்தது! முதல் வாரம் நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவளுக்குப் பொழுது போக வேண்டுமே. வயதானவர்கள் சுவருக்கு எதிரே வந்து, கொடியைப் பார்த்ததும் திடுக்கிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருவர் ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சல்யூட் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். நடுவயதுக்காரர்கள் அப்படிப் போய்விடவில்லை. கொடியைப் பார்த்து, இரண்டடி தள்ளி நின்று, மனசாட்சி சுத்தமாகக் காரியத்தை முடித்தார்கள். உடனே சித்தப்பா பெயிண்டரைக் கூப்பிட்டு அந்த இரண்டடியையும் கொடியில் சேர்த்தார். அவர்கள் இன்னும் தள்ளிப் போனார்கள். கொடியும் கூடவே போனது. பக்கத்து டயர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, நாடு விரிஞ்சுக்கிட்டே போகுது?" என்று கேட்டார். அந்தச் சுவரைத் தினம் பயன்படுத்துகிறவர்களில் அவரும் ஒருவர்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அதற்கு முன்னால் முதல் நாள் காலையிலேயே தாத்தா பார்த்துவிட்டார்.

வழக்கம்போலத் துண்டோடு இறங்கி வந்தவர் சுவரைப் பார்த்து நின்றார்.

"எதுக்குடா அது?"

"வாசனைக்குத்தான்ப்பா. இனிமே ஒரு பய பக்கத்துல வர மாட்டான் பாருங்க."

"கொடியை நாய் மாதிரி கட்டிப் போட்டிருக்கே. காவலுக்கு."

சித்தப்பா கத்தரியைத் துடைத்துக்கொண்டே, கொஞ்சமும் யோசிக்காமல், "நீங்களும் காவல்காரர்தானேப்பா" என்றார். வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசிப் பழகிய வாய்.

தாத்தா துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிட்டார். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. முகத்தில் வெள்ளையாகத் தாடி முளைக்கத் தொடங்கியது.

சித்தப்பா முதலில் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். நாளாக ஆக முடியவில்லை. "ஊருக்கெல்லாம் சிரைக்கிறீங்க, உங்கப்பா ஏன் காடு மாதிரி இருக்கார்?" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்டார்கள். தாத்தாவும் சும்மா இருக்கவில்லை. தாடியோடு தெரு முழுக்க நடந்து காட்டினார். மருந்துக் கடைக்குப் போனார், மாத்திரை எதுவும் வாங்காமல் திரும்பி வந்தார்.

"சுவரைச் சுரண்டிடலாமே சித்தப்பா" என்றேன் ஒரு நாள்.

"சுரண்டினா நாத்தம் வரும். நாத்தம் வந்தா கடை போகும்" என்றார். காலி நாற்காலியைத் துணியால் தட்டினார். "கோவம்னா அது சரியாயிடும். அது இல்லடி. தினமும் காலையில அவர் கன்னத்தைத் தொட்டுக்கிட்டிருந்தேன். வேற எப்போ தொடுவேன் சொல்லு?"

வீட்டில் எல்லோரும் என்னிடம்தான் தீர்ப்புக் கேட்டார்கள். "நீதான் படிச்சவளாச்சே, சட்டம் என்ன சொல்லுது?" என்றாள் சித்தி. செல்போனில் தேடினேன். கொடியைத் தரையில் படவிடக் கூடாது என்று இருந்தது. இந்த மாதிரிச் சுவரைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சட்டத்தை விடுங்கள், எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டிருந்தால்கூடத் திணறியிருப்பேன். நேர்முகத் தேர்வுகளில் மேசை ஓரத்தில் சின்னக் கொடி ஒன்று நிற்கும். கேள்வி கேட்பவரின் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவும் மரியாதையில் சேருமா?

தாத்தாவுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவர் சிறுவனாக இருந்தபோது நாடு வேறு ஆட்கள் கையில் இருந்தது. அந்தக் கொடியை வீட்டில் வைத்திருந்ததற்காக அவருடைய அண்ணனை உதைத்து இழுத்துப் போனார்கள். பிறகு திரும்பி வந்தார், ஒரு காது கேட்காமல். தாத்தா இதை விரிவாகச் சொன்னதே இல்லை. எப்போதாவது, "எங்கண்ணனுக்கு இந்தப் பக்கமா வந்து பேசணும்" என்பார். அவ்வளவுதான்.

என் தங்கச்சிக்கும் சிக்கல் கிடையாது. தங்கச்சி என்றால் சித்தப்பாவின் மகள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். அது கிரிக்கெட் மேட்ச் சீசன். இரண்டு கன்னத்திலும் கொடி வரைந்துகொண்டு, நகத்தில் கொடி நிறம் பூசிக்கொண்டு, கொடி போட்ட செல்போன் உறையோடு வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் மூஞ்சில பூசிக்கிறே?" என்றார் தாத்தா.

"மூஞ்சியை விட நல்ல இடம் எங்க தாத்தா இருக்கு?"

தாத்தா யோசித்தார். கேள்வியை மாற்றினார். "மேட்ச் முடிஞ்சதும் என்ன பண்ணுவே?"

"கழுவிடுவேன்."

"எதால?"

"ஃபேஸ்வாஷ்."

தாத்தா தாடியைச் சொறிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அன்றைக்கு நம் அணி மேட்சில் தோற்றதற்கு அவள் அழுதாள். கன்னத்தில் கொடி வழிந்து ஓடியது. தாத்தா தன் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அப்படித் துடைத்தது சரியா தப்பா என்று பிறகு அந்தத் துண்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் கெட்டது அடுத்த வாரம். பட்டப்பகல். சித்தப்பா ஒருவருக்குக் கிருதா எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கல்லூரிப் பையன், காதில் ஒயர், கையில் செல்போன், குனிந்த தலை நிமிராமல் வந்து கொடியின் நட்டநடுவில் நின்று ஆரம்பித்துவிட்டான்.

சித்தப்பா கத்தரியோடு வெளியே பாய்ந்தார். "டேய்! கண்ணு தெரியல? என்ன இருக்குன்னு பாருடா!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. "ஐயோ அண்ணே, சத்தியமா விளம்பரம்னு நெனச்சேன். டிவி, பிஸ்கட், சிம் கார்டு, எல்லாத்துலயும் இதுதானே போட்டிருக்கான்!"

அடிக்கத்தான் கை ஓங்கினார் சித்தப்பா. ஆனால் பையன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவர் கடைக்குள்ளேயே ஷேவிங் கிரீம் டப்பாவில் கொடி இருந்தது. மேட்ச் சீசன் சலுகை. கையைக் கீழே போட்டார். பையன் ஓடிவிட்டான்.

மேலே ஜன்னலில் தாத்தா நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். மெதுவாக ஜன்னலைச் சாத்திக்கொண்டார். எந்த வெயிலிலும் அதைச் சாத்தாதவர்.

சித்தப்பா பாதிக் கிருதாவோடு இருந்த வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வாளியில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து சுவரைத் தேய்த்துக் கழுவினார். கழுவி முடித்து நின்றபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "இதை எடுத்துடணும். கடை போனாப் போகட்டும்" என்றார்.

பெயிண்டரைக் கூப்பிட்டால் அவர் கை விரித்துவிட்டார். "வரையச் சொல்லு, எத்தனை வேணாலும் வரையறேன். அழிக்க மட்டும் என்னைக் கூப்பிடாதே. எவனாவது போட்டோ எடுத்துப் போட்டான்னு வை, அப்புறம் நான் ஊருல தலை காட்ட முடியுமா?" இன்னும் இரண்டு பெயிண்டர்களிடம் கேட்டோம். அவர்களுக்கும் அதே பயம்தான்.

அடுத்த நாள் மதியம் சித்தப்பா தானே வெள்ளைப் பெயிண்டையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போனார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இடுப்பு உயரக் கொடிக்கு ஏணி எதற்கு என்று அப்போது இருவருக்குமே தோன்றவில்லை. பதற்றம்தான். முதல் இழுப்பு இழுத்ததும் பின்னால் ஒரு குரல்.

"அண்ணே! என்ன பண்றீங்க? கொடியையா அழிக்கிறீங்க?"

டயர் கடைக்காரர். அவர் போட்ட சத்தத்தில் டிப்போவிலிருந்து நாலைந்து டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு இறங்கியே வந்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்தார்கள். சந்து அடைத்துக்கொண்டது. ஒருவன் வீடியோ எடுக்க ஆரம்பித்தான். "நாட்டுமேல மரியாதை இல்லையா?" "இவனையெல்லாம் உள்ள தூக்கிப் போடணும்." "பிரஷ்ஷைக் கீழ போடுய்யா!"

வாயால் பிழைக்கிற சித்தப்பாவுக்கு அன்று வாய் எழவில்லை. பிரஷ்ஷிலிருந்து வெள்ளை சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேரை எனக்குத் தெரியும், மாடியிலிருந்து பார்த்த பழக்கத்தில். சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடா அவனை."

தாத்தா வந்திருந்தார். வெள்ளைத் தாடியும் வெள்ளைச் சட்டையுமாக அவர் நடந்துவந்த விதத்தில் கூட்டம் தானாக வழிவிட்டது.

"நான்தான் அழிக்கச் சொன்னேன்" என்றார்.

அவர் சொல்லவே இல்லை. மகனோடு பேசியே வாரக்கணக்காகிறது. சித்தப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்களா?" என்றார் டயர் கடைக்காரர். "டிப்போவுல கொடி ஏத்தினவராச்சே நீங்க!"

"ஏத்தினவன்தான் சொல்றேன். இந்த இடத்துல அது வேண்டாம். வேணும்கிறவன் முன்னால வா." யாரும் வரவில்லை. தாத்தா மேலே கையைக் காட்டினார். "அதுதான் என் ஜன்னல். வேலையை விட்டதுலேருந்து அங்கதான் உக்காந்திருக்கேன். உங்க மூஞ்சிங்க எனக்குச் சரியாத் தெரியாது. முதுகு ஒவ்வொண்ணும் தெரியும். எல்லாரும் கொஞ்சம் திரும்பி நில்லுங்க, யார் யாருன்னு சொல்றேன்."

கூட்டத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஒருவரும் திரும்பவில்லை. டயர் கடைக்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, முதுகு தெரியாதபடி பக்கவாட்டிலேயே நகர்ந்து தன் கடைக்குப் போனது இன்றைக்கும் எங்கள் வீட்டில் நடித்துக் காட்டப்படுகிறது. வீடியோ எடுத்தவன் போனைப் பாக்கெட்டில் போட்டான். பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. டிரைவர்கள் ஓடினார்கள்.

கொடியின் நீளம் அதிகம். அழிக்க வெகுநேரம் ஆனது. தாத்தா கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்து, நிமிர்ந்து நின்றே இருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தங்கச்சி என்ன ஏது என்று கேட்காமல் பையோடு அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஏணியைச் சாய்த்துவிட்டு நானும் நின்றேன். என் குதிகால்கள் எப்போது ஒட்டின என்று தெரியவில்லை. கொடிக்காக நின்றேனா, அந்த மூன்று பேருக்காக நின்றேனா என்பதும் தெரியவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்று எனக்கு வரவில்லை, இன்றும் வரவில்லை.

கடைசி இழுப்பு முடிந்தபோது சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. "நாளைக்கே வந்துடுவானுங்க" என்றார் சித்தப்பா, சோர்ந்துபோய்.

"கடைக்குள்ள ஓரம் உடைஞ்ச நீளக் கண்ணாடி ஒண்ணு கிடக்குல்ல, அதை மாட்டுங்கப்பா" என்றாள் தங்கச்சி. அவளுக்கு அங்கே நின்று தலை சீவிக்கொள்ள ஒரு கண்ணாடி வேண்டும், அவ்வளவுதான் அவள் நோக்கம். பெயிண்ட் காய்ந்ததும் மாட்டினோம். சாயங்காலமே ஒரு ஆள் அவசரமாக வந்தார், பெல்ட்டில் கை வைத்தார், எதிரே தன்னையே பார்த்தார். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து வகிடைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். சித்தி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலையில் நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். தாத்தா துண்டோடு என்னைத் தாண்டி இறங்கினார். சலூனுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தப்பா எதுவுமே நடக்காத மாதிரி வெந்நீரை எடுத்துவைத்தார். ஆனால் சோப்பு டப்பாவை இரண்டு முறை கை நழுவவிட்டார்.

"நேத்து நீங்க வரலைன்னா என்னைப் பிச்சிருப்பானுங்க" என்றார்.

"தெரியும்."

"நான் அன்னிக்குச் சொன்னது... காவல்காரர்னு..."

"காவல்காரன்தானேடா. அதுல என்ன இருக்கு?"

சித்தப்பா குனிந்து தாத்தாவின் கன்னத்தில் கை வைத்தார். விரல்கள் தாடிக்குள் மறைந்துபோயின. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு, "முழுசா எடுத்துடவா?" என்று கேட்டார்.

தாத்தா கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எடுக்காதே. ஓரத்தை மட்டும் வெட்டி விடு. ரிட்டயர் ஆன கர்னல் மாதிரி இருக்குன்னு மருந்துக் கடைக்காரர் சொன்னார்."

"அப்போ இத்தனை நாள் கோவமில்லையா, ஸ்டைலா?"

"முதல் பத்து நாள் கோவம்" என்றார் தாத்தா. "பேச்சைக் குறைச்சுட்டு வெட்டு. காதுப் பக்கம் ரெண்டும் சமமா இருக்கணும்."